மாதா வராத ஞாயிறு

தோர்ண்டன் ஹீத், லண்டன்
30 மே 2018

அன்பான அம்மாவுக்குத் தோத்திரம். முழங்கால் நோ குறைஞ்சதோ? நான் சுகம், எரிச்சல் மட்டுந்தான்.

என்னோட முதியோர் இல்லத்தில வேலை செய்யிற நோறா அயர்லாந்துக்காரி. கருக்கலைப்புத் தடையை எடுக்கிறதோ எண்டு அங்க போன வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு. அவள் ஊருக்குப் போய் வாக்குப்போட, அவளின்ர ஷிப்டை நான் செய்தன். அவ்வளவுதான். தடையும் போச்சு.

மே மாதம் இங்க எங்கட ஆக்களின்ர வீடுகளுக்கு மாதா சுரூபம் முறைவைச்சு வரும். ஞாயிறு என்ர முறை. கடலை அவிச்சு, பூ வைச்சுக் காத்திருக்க, நான் ஷிப்ட் மாறினதைக் கேள்விப்பட்டு, செபமாலைக் குழு மெற்றில்டா அக்கா போன் எடுத்து, "அந்தப் பாவத்துக்கு உதவின வீட்டுக்கு மாதா வரமாட்டா" எண்டா. மாதா இவவிட்டையே வந்து சொன்னவ? மூண்டு நாளாய் எனக்குக் கடலைதான் சாப்பாடு.

ஊரிலயிருந்து ஆரும் இங்க வந்தால் ஒரு சின்ன மடுமாதா சுரூபம் குடுத்துவிடுங்கோ. இனி ஆரின்ர முறையையும் பாத்துக்கொண்டிருக்க ஏலாது.

ஒண்டு கேக்கவேணும். இன்னொரு பிள்ளை பெத்தால் உயிர் தங்காது எண்டு டொக்டர் சொல்லியும் தங்கச்சியைச் சுமந்தனீங்கள். அவள் எங்கட செல்லம், அது வேற கதை. அப்பா டொக்டரைக் கேட்டார், பங்குச் சுவாமியைக் கேட்டார். உங்களை ஆரும் கேட்டவையோ?

பஸ் வருது. பதிலை வழமைபோலக் கொட்வின் அண்ணையைக் கொண்டு எழுதுவிக்காதேங்கோ. உங்கட கையால எழுதுங்கோ.

அஜித்தா