என் பக்கமாக மடித்த காகிதம்

சென்ற ஞாயிறு பகல் பன்னிரண்டரை மணிக்கு, நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, தட்டுகளுக்கு அடியில் விரித்திருந்த காகிதத்தை என் பக்கமாக மடிப்பது என்று முடிவு செய்தேன். ஆலோசனையில் கலந்துகொண்டவன் நான் ஒருவன்தான். எதிர்ப்பு எதுவும் பதிவாகவில்லை.

இடம், ஓசூரில் டயர் கடைக்கு மாடியில் இருக்கும் நம் கொரியன் ஓட்டல். படியேறும்போதே நல்லெண்ணெய் வாசனை வந்தது. முதல் முறை ஏறியபோது நீ நின்று மோந்து பார்த்தாய். "என்னாப்பா, சனிக்கெழம வாசன வருது? எல்லாம் எண்ண தேச்சிக் குளிச்சிட்டு வந்து சமைக்கிறாங்களா?" என்றாய். கொரிய நாகரிகத்தைப் பற்றி நான் கேட்ட முதல் ஆய்வுரை அது.

அன்று விருந்து கொடுத்தவர் நம் தொழிற்சாலையில் உதிரிபாகம் வாங்கும் கொரியக் கம்பெனியின் மேலாளர். தரச்சோதனைப் பிரிவிலிருந்து ஒருவரைத் தம் நாட்டுக்கு மூன்று வாரப் பயிற்சிக்கு அழைத்துப்போக வந்திருந்தார். பட்டியலில் உன் பெயர் முதலில், என் பெயர் அடுத்தது. நீ பாஸ்போர்ட் எடுத்து நான்கு வருடமாகியிருந்தது. அதுவரை அது பயணம் செய்த அதிகபட்சத் தூரம் உன் வீட்டுப் பீரோவிலிருந்து ஜெராக்ஸ் கடை வரைதான். அன்று காலை இஸ்திரி போட்ட சட்டைப் பையில் அதையும் வைத்துக்கொண்டு வந்திருந்தாய். சாப்பாட்டு மேசையில் யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொன்னேன். "கேட்டா?" என்றாய்.

குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் கீரை, முளைப்பயறு, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, கருவாடு என்று வந்தன. காலியானால் கேட்காமலே மறுபடி வைத்தாள் பரிமாறிய மணிப்பூர்ப் பெண். அளவில்லாச் சாப்பாடு என்று உனக்குப் புரிந்துவிட்டது. மூன்று சுற்று முடித்தாய். பிறகு, கிண்ணங்களை ஒதுக்கி, பந்தியில் இலையை மூடுவதுபோல, காகிதத்தின் மேல் பாதியை உன் பக்கமாக மடித்து, "சாலு" என்றாய். சூளகிரி வீட்டில் உங்களுக்குத் தெலுங்கு. வயிறு நிறைந்த செய்தியை நீ வேறு மொழியில் அறிவித்ததே இல்லை.

அப்போதுதான் கருங்கல் சட்டியில் கொதித்தபடி குழம்பும், மூடிய கிண்ணத்தில் சோறும் வந்தன.

"இது யாருக்கு?" என்றாய்.

"நமக்குத்தான்."

"அப்ப இவ்ளோ நேரம் துன்னது?"

"தொட்டுக்க."

மேலாளர் மடித்த காகிதத்தைக் காட்டி, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். நீ மகிழ்ந்துபோய் விளக்கினாய். "சொல்லுப்பா அவருக்கு. நம்ம பக்கமா மடிச்சா ஒறவு வேணும், திரும்ப வருவோம்னு அர்த்தம். அந்தப் பக்கமா மடிச்சா கருமாதி." நான் சொல் மாறாமல் மொழிபெயர்த்தேன். மேலாளர் கரண்டியைக் கீழே வைத்தார். தன் காகிதத்தின் ஓரம் ஒன்று லேசாக மேல் நோக்கி மடங்கியிருப்பதைக் கண்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் அதைத் தேய்த்துச் சமமாக்கினார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. மறுவாரம் வந்த கடிதத்தில், 'உங்கள் நண்பர் எங்கள் சோற்றைத் தொடவே இல்லை. மூன்று வாரம் அவரைப் பட்டினி போட எனக்கு மனம் வரவில்லை' என்று எழுதியிருந்தார். நான் போனேன்.

நீ மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, "சோறு வர்ற வரைக்கும் சும்மா குந்தியிருந்தா ப்ளேன் ஏறியிருப்பேன்யா" என்றாய். அத்தோடு சரி. திரும்பி வரும்போது உனக்கு அவர்கள் சாப்பிடும் எஃகுக் குச்சி ஒரு ஜோடி வாங்கி வந்தேன். வெர்னியரில் வைத்து அளந்து, விளிம்பை நகத்தால் தடவி, "பிசிறு இல்ல. பாஸ்" என்று ஏற்றுக்கொண்டாய். உன் வீட்டில் அவை எண்ணெய்ச் சட்டியிலிருந்து பஜ்ஜி எடுக்கப் பயன்பட்டன.

அதன்பின் மாதம் ஒரு ஞாயிறு நாம் அங்கே போனோம். நீ படியிலிருந்தே "மொதல்ல சோறு!" என்று குரல் கொடுப்பாய். காகிதத்தை மடித்தால் சாப்பாடு முடிந்தது, எடுத்துவிடலாம் என்று அந்தப் பெண்ணுக்கும் பழக்கிவிட்டாய். சமையல்காரரும் ஒருநாள் வெளியே வந்து "சாலு?" என்று உன்னைக் கேட்டார். இரு நாட்டு உறவில் நம் தொழிற்சாலை அதற்கு மேல் எதையும் சாதிக்கவில்லை.

உன் கருமாதிச் சாப்பாட்டுக்குச் சூளகிரி வந்திருந்தேன். வடை நன்றாக இருந்தது, நீ மூன்று கேட்டிருப்பாய். பந்தி முடிந்து எல்லோரும் இலையை அந்தப் பக்கமாக மடித்தார்கள். என்னால் முடியவில்லை. "எலைய மூடுய்யா, எச்ச எடுக்கணும்ல" என்று உன் சித்தப்பா அதட்டினார். திறந்தபடியே விட்டு எழுந்து வந்தேன். மரியாதை தெரியாதவன் என்று உன் ஊரில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது.

எட்டு மாதமாக அந்த இலை என் மனதில் மூடாமல் கிடந்தது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை தனியாக மாடியேறினேன். கிண்ணங்கள் வந்தன. எதிர் நாற்காலியில் என் பையை வைத்திருந்தேன். உன்னைப் போலவே, சோறு வருவதற்கு முன்பாக, காகிதத்தை என் பக்கமாக மடித்தேன். ஓரத்தை விரலால் நீவியும் விட்டேன்.

அந்தப் பெண் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். சோறு வரவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு தோசை ஊற்றிக்கொண்டேன்.