நொடிக்கு ஒரு அடி

இன்று காலை பட்டறைக்குள் நுழைந்ததும் ரெசின் காயும் வாசனை மூக்கில் ஏறியது. உனக்குப் பிடித்த வாசனை, எனக்குத் தலைவலி. ஆனாலும் இன்று கொஞ்ச நேரம் நின்று முகர்ந்தேன். உனக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறதே.

இரும்புலியூரில் இதே பட்டறையில்தான் செயற்கைக் காலுக்கான அந்தப் பாதத் தகட்டைச் செய்தாய். கண்ணாடி இழையை அடுக்கடுக்காக வைத்து, காய்ந்தால் பிளாஸ்டிக்காக இறுகும் ரெசினை ஊற்றி, ஒரு வருஷ உழைப்பு. இருபது லட்சம் அடி தாங்குகிறதா என்று சோதிப்பது என் வேலை. மெதுவாக ஓட்டினால் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். மேலாளர் அவசரப்படுத்த, நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி நொடிக்குப் பத்து முறை அழுத்தும்படி இயந்திரத்தை முடுக்கினேன். மறுநாளே தகடு உடைந்தது. அங்கேயே நின்று ‘தகுதியற்றது’ என்று அறிக்கை எழுதினேன்.

நீ சண்டை போடவில்லை. உடைந்த இடத்தைத் தொட்டுவிட்டுச் சட்டென்று கையை எடுத்தாய்.

“தொட்டுப் பாரு மச்சான், கொதிக்குது. வளைஞ்சு வளைஞ்சு உள்ளயே சூடேறியிருக்கு. ஆற நீ டைமே குடுக்கல. எவன்டா நொடிக்குப் பத்து அடி வச்சு நடக்கிறான்?”

இழையில் குறையில்லை, சூட்டில் பிளாஸ்டிக் இளகித்தான் உடைந்தது என்று அப்போதே புரிந்தது. எழுதியதை மாற்றத்தான் வீம்பு விடவில்லை. ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோதுகூட கிரிக்கெட் பற்றித்தான் பேசினேன். வெட்கமாக இருக்கிறது.

நீ போன பிறகுதான் மேலாளரிடம் தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொண்டேன். உன் அச்சிலேயே இன்னொரு தகடு வார்த்து, நொடிக்கு ஒரு அழுத்தம் என்று ஓட்டினேன். தினமும் ஒருமுறை நிறுத்திப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பேன். சூடே இல்லை. நேற்று இருபது லட்சமும் முடிந்தது, ஒரு கீறல் இல்லை. ஜெயிச்சுட்டடா நீ. பட்டறை முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

இன்று மதியம் அஸ்தினாபுரத்திலிருந்து ஒரு டீச்சரம்மா வந்தார். அதே அச்சில் வார்த்த புதுத் தகட்டைத் தன் செயற்கைக் காலில் மாட்டிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தபடி நடந்தார், பிறகு விட்டுவிட்டு நடந்தார். ஸ்கூலில் மாடி வகுப்பாம், ஏறலாமா என்று கேட்டார். முன்பென்றால் ஏறலாம் என்று சொல்லி அனுப்பியிருப்பேன். இன்று நம் மாடிப்படியிலேயே ஏறச் சொல்லி, கீழே காத்து நின்றேன். இந்தப் பொறுமை நீ கொடுத்துவிட்டுப் போனது.

மேல் படியில் நின்று மூச்சு வாங்கச் சிரித்தார்.

“யார் சார் இதைச் செஞ்சது?”

உன் பெயரைச் சொன்னேன்.