அம்மாவின் பதிலை மறித்த மூட்டை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன், என்னால் அடக்கி வைத்திருக்க முடியவில்லை.

பக்கவாதத்தில் அம்மாவின் பேச்சு நின்ற பிறகு நீ ஏற்பாடு செய்து கொடுத்தாயே, இடது கையால் தட்டினால் கணினி வாய்விட்டுப் படிக்கிற வசதி, ஆறு வாரத்துக்கு முன் புது சிஸ்டம் ஏற்றியதிலிருந்து அது ஆமையாகிவிட்டது. நான் ஒன்று கேட்பேன், அவள் தட்டுவாள், அது யோசித்துப் பேசுவதற்குள் நான் சமையலறைக்கே போயிருப்பேன். போன ஞாயிறு வேலை போய்விடுமோ என்று நீ போனில் அழுதாய் அல்லவா, நீ வைத்த பிறகுதான், "அழாதே கண்ணு, அம்மா இருக்கேன்" என்று அது சொன்னது. அன்றோடு அவள் தட்டுவதையே விட்டுவிட்டாள். நான் ஒரு மடையன், நோய் முற்றிவிட்டது என்று பயந்து மாத்திரையைக் கூட்டித் தரச் சொல்லி டாக்டரிடம் போய் நின்றேன். நோயில் மாற்றமே இல்லை, மெஷினைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

கணினிக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "பழைய சிஸ்டம் எங்கேயும் போகல சார், புதுசு பிடிக்கலைன்னா திரும்பிப் போறதுக்கு உள்ளேயே மூட்டை கட்டி வச்சிருக்கு, தானா அழியாம தங்கிடுச்சு, இடமில்லாமதான் மெஷின் திணறுது" என்றார். சாதாரணமாகச் சுத்தம் செய்தால் அது கண்ணில் படாதாம், சிஸ்டம் ஃபைல்களைச் சுத்தம் செய்யத் தனியாக ஒரு பொத்தான் இருக்கிறதாம். முப்பது வருஷம் லேத் ஓட்டியவன் நான், இரும்புச் சுருளைக் கூட்டித் தள்ளாவிட்டால் மெஷின் மக்கர் பண்ணும் என்று தெரியாதா? ஆனால் அந்தப் பொத்தானை அழுத்திப் பட்டியல் விரிந்தபோது, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். என்றோ ஏற்றி முடித்த மிச்சங்கள், தற்காலிக ஃபைல்கள், எல்லாவற்றுக்கும் அடியில் பழைய சிஸ்டம் மட்டும் இருபத்தெட்டு ஜி.பி. இடத்தை அடைத்துக்கொண்டு. ஒரு வீட்டுக்குள் இன்னொரு வீடு, கதவு ஜன்னலோடு முழுசாக! ஒரு சத்தம் இல்லாமல் இத்தனையையும் சுமந்துகொண்டா இது நமக்கு வேலை செய்தது என்று நினைக்க உடம்பே சிலிர்த்தது.

அழித்தால் பழையதுக்குத் திரும்ப முடியாது என்று கணினி எச்சரித்தது. அம்மா சேர்த்து வைத்திருந்த வாக்கியங்களும் சேர்ந்து போய்விட்டால்? பென் டிரைவில் இரண்டு முறை நகல் எடுத்தும் பொத்தானை அழுத்த எனக்குக் கை வரவில்லை. அவள் என் கையைத் தள்ளிவிட்டு, தானே அழுத்தினாள். எவ்வளவு அழிந்தது என்று காட்டும் கோடு அரை மணி நேரம் திரையில் ஊர்ந்தது, நாங்கள் இருவரும் கோயில் வாசலில் நிற்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தோம். கணினியை அணைத்துத் திரும்பப் போட்டதும், எல்லாம் நானே கண்டுபிடித்த மாதிரி அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். பாதி வாக்கியத்தில் கணினி குறுக்கே புகுந்தது.

"போதும். பிள்ளைக்குப் போன் போடுங்க."

நாற்பது வருஷத்தில் அவள் என்னை ஒரு பேச்சும் முடிக்க விட்டதில்லை. ஆறு வாரமாக என்னை யாருமே மறிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் முன்னாலேயே அழுதுவிட்டேன். உன் போன் அணைந்திருந்தது, அதனால்தான் இந்த மெயில்.

வேலை விஷயம் நல்லபடி முடியும், இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை அவசரமாக வைத்துவிடாதே, அம்மா உன்னிடம் சொல்ல நிறைய வைத்திருக்கிறாள்.

இனிமேல் வாயைத் திறக்க வழியில்லாத,
உன் அப்பா