முதலில் சிரிப்பவருக்கு

அன்புள்ள சிட்டுவின் அம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். லீவு முடிந்து திரும்பும் உன் ஆஸ்பத்திரித் தோழியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசினால் சிட்டு காதில் விழும்.

புதுப் பள்ளியில் அவள் வாயே திறப்பதில்லை என்று சொன்னேன் அல்லவா? வீட்டில் ஓயாமல் பேசி என் காதைத் துளைக்கிறவள், அங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறாளாம். சாப்பாட்டு டப்பாவில் வேடிக்கையாக ஏதாவது வைத்துப் பாருங்கள் என்று டீச்சர்தான் யோசனை சொன்னார். பஸ் பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கிற கை வெள்ளரிக்காயில் மூக்கு செதுக்கியது. அவித்த முட்டைக்கு மிளகால் கண் வைத்தேன். கண் இருப்பதை எப்படித் தின்பது என்று அப்படியே திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள்!

பிறகு மூடிக்குள் சீட்டு ஒட்டினேன். யானைக்குச் சளி பிடித்தால் கைக்குட்டை எவ்வளவு பெரிசு என்று ஒரு கேள்வி. சிட்டு பேசாமல் அதைப் பக்கத்தில் நகர்த்த, இரட்டைச் சடைக்காரி ஒருத்தி, "எங்க வீட்டு ஜன்னல் திரை போதும்" என்றாளாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில் செவ்வாய்க்கிழமை இரண்டு கடலை உருண்டை வைத்தேன். ஒன்று உனக்கு, ஒன்று முதலில் சிரிப்பவருக்கு என்று எழுதினேன். சிட்டு மூக்கைச் சுருக்கி அழகு காட்டியிருக்கிறாள். இரட்டைச் சடை சிரித்து, ஜெயித்த உருண்டையை வாயில் போட்டுக்கொண்டாள். அந்தக் குழந்தைக்கு நிலக்கடலை ஆகாதாம். உதடு வீங்கி மூச்சு இழுத்துவிட்டது. "மிஸ், அவளுக்கு மூச்சு விட முடியல!" என்று சிட்டு கத்திய பிறகுதான் டீச்சர் திரும்பியிருக்கிறார். அந்த வகுப்பில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அதுதான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஒரு ராத்திரி வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "தெரியாம நடந்தது, விடுங்க" என்றார் அவள் அப்பா. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. பட்டறையில் முடுக்கிய நட்டையே திரும்பத் திரும்ப முடுக்கிக்கொண்டிருக்கிறேன். நீ தினமும் நோயாளிகளைப் பார்க்கிறவள். அந்தப் பிள்ளைக்கு இனி ஒன்றும் ஆகாதே? மறைக்காமல் சொல்.

பெரிய பயம் வேறு. சிட்டு இப்போது வீட்டிலும் பேசுவதில்லை. தலை வாரும்போது ஒன்றே ஒன்று கேட்டாள், "நான் சிரிக்க வெச்சதாலதானேப்பா?" என்று. இல்லைம்மா, அப்பா வைத்த உருண்டையால்தான் என்றேன். அவள் நம்பவில்லை. மூடிக்குள் சீட்டு இல்லை என்று தடவிப் பார்த்த பிறகே டப்பாவைப் பையில் வைக்கிறாள். நான் விளையாட்டுக்குச் சிரித்தால்கூட என் வாயைப் பொத்துகிறாள். இந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

திங்கட்கிழமை இரட்டைச் சடை பள்ளிக்கு வருகிறாள். சிட்டு பக்கத்தில்தான் உட்காருவேன் என்று அடம்பிடிக்கிறாளாம். இவளோ அந்தத் திங்கட்கிழமையைச் சொன்னாலே கட்டிலுக்கடியில் போய்விடுகிறாள். என் கையெழுத்தைக் கண்டால் முகம் வெளுக்கிறது. அதனால் நீ உன் கையால் ஒரு சீட்டு எழுதி, போட்டோ எடுத்து அனுப்பு. கடையில் பிரதி எடுத்து ஒட்டுகிறேன். தின்பதற்கு எதுவும் வேண்டாம். சிரித்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று அவள் நம்பும்படி எழுது. நீ எழுதினால் நம்புவாள்.

வேளைக்குச் சாப்பிடு. லீவு கிடைக்குமா என்று நான் கேட்கவில்லை. கேட்டதாக நினைத்து அழாதே.

உன் வழியையே பார்த்திருக்கும்,
சிட்டுவின் அப்பா