கல்வாயிலுக்கு அப்பால் நிற்பவளுக்காக எழுதிய ஓலை

மேகம் தன் பருவம் மறவாதிருக்க. வயல் தன் விளைச்சல் மறவாதிருக்க. கடல் தன் எல்லை மறவாதிருக்க.

முத்துக்குடைக்கு உரியவளும், அலைவாய்த் துறைகள் அனைத்துக்கும் விளக்கேற்றும் உரிமை பூண்டவளுமாகிய கானல்நாட்டுக் கோமகள் ஓதவல்லி, பவளமுனை அரண்மனையிலிருந்து விடுக்கும் ஓலை. மேற்கெல்லைக் கல்வாயிலின் காவற்றலைவரும், எம் தந்தையார் காலத்தில் குதிரைப்படையைக் கலையாமல் நடத்தி மீட்டவரும், கையூட்டு என்னும் சொல்லைக் காதாலும் தீண்டாதவருமாகிய எயினன் கொற்றனார் இதனைக் காண்க. உமக்கும் உம் மனையாட்டிக்கும், உம் வாயில் காக்கும் வீரருக்கும் அவர்தம் குதிரைகளுக்கும் நலம் உண்டாகுக. இவ்வோலையை நின்றபடி படியும். இதனோடு வரும் சிறு துணிமுடிச்சை இப்போது அவிழ்க்க வேண்டா. அதற்குரிய இடம் பின்னால் வருகிறது.

மலையம்மை விழாவுக்கு யாம் உம் வாயில் வழியே சென்றதை நீர் மறந்திருக்கமாட்டீர். எல்லைக் கற்களுக்கு அப்பால், வெள்ளை உடுத்திய ஒரு பெண் எம் பல்லக்கை நோக்கிக் கைகூப்பி நின்றாள். அவள் யார் என்று உம்மைக் கேட்டோம். அங்கே யாரும் இல்லை, தேவி, என்று நீர் தலை தாழ்த்தி விடை கூறினீர். உமக்குக் கண்பார்வை மங்கிவிட்டது போலும் என்று முதலில் எண்ணி இரங்கினோம். பிறகு பல்லக்கை இறக்கச் சொல்லி, எல்லைக்கல் வரை நடந்து, அந்த இல்லாத பெண்ணோடு வெயில் சாயும்வரை பேசியிருந்தோம். அவள் வாயால் கேட்டதையும், துறைக்குத் திரும்பியபின் யாம் விசாரித்து அறிந்ததையும் இங்கே எழுதச் சொல்கிறோம். இதில் பாதி நீர் அறியாதது. மறுபாதி அறிந்தும் நீர் பாராதிருந்தது.

அவள் பெயர் நப்பாலை. வரைநாட்டில் தேனும் மெழுகும் விற்கும் வெண்பூதனின் மனைவி. அவர்களுக்கு ஒரே மகள், தேமொழி. நடை பழகும் வயதிலேயே அப்பிள்ளையின் கண்களில் திரை படரத் தொடங்கியது. விளக்கு இருக்கும் திசை தெரியும். விளக்கைப் பிடித்திருப்பவர் யார் என்று தெரியாது. தாயின் முகத்தைக் கையால் தடவி, இடக்கன்னத்து மச்சத்தில் விரல் பட்ட பிறகே அம்மா என்று அழைப்பாள். மலைநாட்டு மருத்துவர் எல்லாரும் பச்சிலை பிழிந்து பார்த்துக் கைவிரித்தனர். காற்றுத் திரும்பும் பருவத்தில் ஆண்டுக்கு ஒருமுறை பவளமுனையிலிருந்து புறப்பட்டுத் தீவுகளை வலம் வரும் எம் பெருங்கலத்தைப் பற்றி அப்போதுதான் அவர்கள் கேள்விப்பட்டார்கள். அக்கலத்தில் நேர்த்திக்கடன் செலுத்தப் போவாரும் உண்டு, வெறுமனே வேடிக்கை பார்க்கப் போவாரும் உண்டு. அது தொடும் தீவொன்றில் கண்திரை நீக்கும் மருத்துவர் குடி இருக்கிறது என்பது உமக்கும் தெரியும்.

வெண்பூதன் திட்டமிடுவதில் பெரிய சூரன். வீட்டுத் தரையிலேயே கரியால் வழியை வரைந்துவிட்டான்: இங்கே கணவாய், இங்கே வண்டி மாடு மாற்றும் சாவடி, இங்கே கல்வாயில், இங்கே துறை. எந்த ஆற்றில் எப்போது தண்ணீர் வடியும், எந்தச் சந்தையில் நல்ல அவல் கிடைக்கும், பிள்ளைக்குத் தூக்கம் வந்தால் வண்டியில் எந்தப் பக்கம் வெயில் படாது என்பதுவரை அவன் யோசித்திருந்தான். ஒரு பருவம் முழுவதும் அந்தக் கோடு அழியாமல் சுற்றிச் சுற்றிப் பெருக்கியதாக நப்பாலை எம்மிடம் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். அந்தச் சிரிப்பை யாம் இன்னும் மறக்கவில்லை.

யானைக்கும் அடி சறுக்கும். அவன் எதை யோசிக்கவில்லை என்றால், தன் ஊர் வழக்கத்தை. அதை யார்தான் யோசிப்பார்? மீனுக்குத் தண்ணீர் தெரியுமா? வரைநாட்டார் கடலைக் கண்டறியாதவர். கடலில் இறந்தவன் உடல் வீடு வந்து சேராது, இறுதிக்கடன் இல்லாமல் அவன் உயிர் அலையும் என்று அஞ்சுபவர். ஆதலால் கடலேறப் போகிறவருக்கு, புறப்படும் முன்பே உயிரோடு வைத்து எல்லாக் கடனும் செய்துவிடுவது அவர்கள் வழக்கம். உறவினர் கூடி அழுவார்கள், வாய்க்கரிசி இடுவார்கள், ஊர்ப்புறத்தில் பேர்க்கல் நடுவார்கள், வீட்டு விளக்கை அணைப்பார்கள். பிறகு எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்து, இறந்தவருக்கே முதல் இலை போட்டுப் பரிமாறுவார்கள். நப்பாலைக்கும் வெண்பூதனுக்கும் அப்படியே நடந்தது. பிள்ளைக்கு மட்டும் நடக்கவில்லை. பால்பல் விழாத பிள்ளைக்குக் கடன் இல்லை என்பதும் அவர்கள் வழக்கமே. தேமொழிக்கு முன்பல் அப்போதுதான் ஆடத் தொடங்கியிருந்தது.

தலை மழித்த கணவனும் வெள்ளை உடுத்திய மனைவியுமாக அவர்கள் உம் வாயிலுக்கு வந்தார்கள். யார் இறந்தது என்று கேட்டீர். கேட்க வேண்டியது உம் கடமை. சாவு வீட்டார் எல்லை கடக்கலாகாது என்று கொள்ளைநோய்க் காலத்தில் எம் பாட்டனார் இட்ட சட்டம் இன்றும் இருக்கிறது. வெண்பூதன் பொய் அறியாதவன். நாங்கள்தாம், ஐயா, என்றான். கடன் எல்லாம் குறைவறச் செய்தாயிற்று என்று பெருமையோடும் சொன்னான். சாவு வீட்டாருக்குத் தீட்டுக் கழியும் நாள் உண்டு. இறந்தவருக்குத் தீட்டுக் கழிவது எப்போது? நீர் சட்டத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, இறந்தவரை இந்த வாயில் கடத்திவிட எனக்கு ஆணையில்லை, பிள்ளைக்குக் கடன் நடக்கவில்லை, பால்பல் பிள்ளைக்குத் தீட்டும் இல்லை, ஆதலின் பிள்ளை போகலாம், என்று தீர்ப்புச் சொன்னீர். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பார்கள். உம்மைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்னவோ.

கலம் புறப்பட நாள் நெருங்கிவிட்டது. திரும்பிப் போய் வேறு வழி பார்க்கப் பொழுதில்லை. கண் இல்லாவிட்டால் போகிறது, பிள்ளை நம்மோடு இருக்கட்டும் என்று வெண்பூதன் மன்றாடினான். நப்பாலைதான் கேட்கவில்லை. இந்த ஆண்டு விட்டால் திரை முற்றிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தது அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. துறைக்குப் போய்க்கொண்டிருந்த உப்பு வண்டிக்காரி ஒருத்தியின் கையில் பிள்ளையை ஒப்படைத்து, கலம் செலுத்தும் மீகாமரிடம் சேர்க்கச் சொன்னாள். பிள்ளை தாயின் முந்தானையைப் பிடித்த பிடியை விடவில்லை. ஒவ்வொரு விரலாக அவளே பிரித்தெடுத்தாள். அப்போது பிள்ளை கேட்டதையும் தான் சொன்ன விடையையும் நப்பாலை உரைத்தபடியே எழுதச் சொன்னோம்.

"அம்மா, நீ பின்னாலயே வருவேதானே?"

"வருவேன் கண்ணு. நீ முன்னால போ."

கொற்றனாரே, அதைக் கேட்டுக்கொண்டு நீர் பக்கத்திலேதான் நின்றீராம்.

அதன்பின் வெண்பூதன் பேர்க்கல்லைப் பிடுங்கச் சொல்லிக் கேட்பதற்காக ஊருக்கு ஓடினான். நட்ட கல்லைப் பிடுங்கினால் ஊருக்கு ஆகாது என்றார்கள் பெரியோர். தமையன் வீட்டில் அவன் குரல் கேட்டதும் கதவை அடைத்துத் தாழிட்டார்கள். உள்ளே இருந்தது அவன் வீட்டு அண்டாவும் அவன் வீட்டுக் கட்டிலும். மனைவியிடமே திரும்பி வந்துவிட்டான். எல்லைக்கு அப்பால் ஓலைக்கீற்றுச் சாய்த்து இருவரும் தங்கினார்கள். பிள்ளை திரும்பி வந்ததும் எந்த வழியாக வீடு போவது என்று அவன் இப்போதும் மணலில் கோடு போடுகிறான். காற்று அழிக்கிறது, மறுபடி போடுகிறான். எந்த வீட்டுக்கு என்று அவனைக் கேட்க எமக்கு நா எழவில்லை.

உமக்கு ஈரம் இல்லை என்று யாம் சொல்லவரவில்லை. காலைதோறும் எல்லைக்கல்லின் மேல் கஞ்சிக் கலயம் வைத்துவிட்டு, யாருக்கென்று சொல்லாமல் நீர் திரும்பிப் போவீராம். நப்பாலை அதை நன்றியோடுதான் சொன்னாள். கலம் வந்ததா என்று அவள் நாளும் கேட்பதும், இன்னும் கரை சேரவில்லை என்று நீர் வானத்தைப் பார்த்துச் சொல்வதும் அவள் சொல்லியே அறிந்தோம். உன் பிள்ளையைப் பற்றிச் செய்தி அறிந்து அனுப்புகிறோம் என்று அவளுக்கு யாம் வாக்குக் கொடுத்தோம். அரசியின் வாக்கு என்றதும் அவள் எல்லைக்கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பவளமுனைக்குத் திரும்பியதும் துறையில் எம் கண்ணில் முதலில் பட்டது அந்தப் பெருங்கலமே. பாய் சுருட்டி, பாசி சுரண்டி, கரையில் சாய்த்து வைத்திருந்தார்கள். யாம் விழாவுக்குப் புறப்பட்ட மறுநாளே வந்து சேர்ந்ததாம்; வெகுநாளாயிற்று.

மீகாமர் தித்தனாரை அழைத்தோம். கடலில் நரைத்த அந்த மனிதர் எம்முன் உட்காரவும் மறுத்து நின்றபடி சொன்னார். தீவு மருத்துவர் திரையை நீக்கினார். பிள்ளைக்குக் கண் திறந்தது. முதல் சில நாள் எதைக் கண்டாலும் அஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டவள், பிறகு பாய்மரத்தடியை விட்டு நகராமல் பறவையும் நுரையும் பார்த்தபடியே இருந்தாளாம். எங்கள் அம்மாவின் கன்னத்தில் மச்சம் உண்டு, அது என்ன நிறம் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்று காண்பவரிடமெல்லாம் சொல்வாளாம். திரும்பும் வழியில் கலத்தில் காய்ச்சல் பரவியது. அது முதலில் கொண்டுபோனவர்களில் அவளும் ஒருத்தி. கடல் வழக்கப்படி அவளைக் கடலுக்கே கொடுத்தார்கள்.

துறையிலிருந்து ஆள்விட்டுக் கல்வாயிலுக்கு அன்றே சொல்லியனுப்பியதாக மீகாமர் கூறினார். ஆள் வந்தான், சொன்னான், உம் கையால் சோறு உண்டு திரும்பினான். சாவுச் செய்தியை இறந்தாரின் உயிருள்ள உறவினர்க்கு மட்டுமே உரைப்பது என்பது சட்டம். உயிருள்ள உறவினர் எவரும் இங்கே இல்லை என்று நீர் அவனிடமே சொல்லியிருக்கிறீர். மறுநாளும் கஞ்சி வைத்தீர். மறுநாளும் வானத்தைப் பார்த்தீர். அவளிடம் சொல்ல மனம் வராமல் சட்டத்தின் பின்னே ஒளிந்தீரோ, சட்டத்துக்கு அஞ்சி இரக்கத்தின் பின்னே ஒளிந்தீரோ, எமக்குத் தெரியவில்லை. போரில் உம்மை முதுகு காட்டாதவர் என்று எம் தந்தையார் சொல்வார். யாம் மிகவும் வருந்துகிறோம், கொற்றனாரே. சினமும் கொண்டிருக்கிறோம்.

ஆகவே எம் ஆணையைக் கேளும். பாட்டனார் இட்ட சட்டம் இன்றோடு நீங்கிற்று. இனிக் கல்வாயிலில் வந்து நிற்பவர் எந்த உடை உடுத்தியிருந்தாலும், எந்த ஊரார் எந்தக் கடன் கழித்திருந்தாலும், மூச்சு விடுகிறவர் உயிரோடிருப்பவர். இதனை வாயிலில் பறையறைவித்து உரைக்கச் செய்யும்.

பறைக்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. தலைப்பாகை கழற்றி, வாளை உள்ளே வைத்துவிட்டு, நீரே எல்லைக்கல்லைக் கடந்து நடந்து செல்லும். வீரர் எவரையும் அனுப்பலாகாது. யாமே வந்து சொல்ல எண்ணினோம். ஆனால் அவளை இறந்தவள் என்ற வாய் உம்முடையது, அந்த வாயே அவளை உயிரோடிருப்பவள் என்று சொல்ல வேண்டும். நப்பாலை என்றும் வெண்பூதன் என்றும் பெயர் சொல்லி இருவரையும் அழையும். நீங்கள் உயிரோடிருக்கிறீர்கள், அரசி ஆணை, என்று சொல்லும். அவள் மகிழ்வாள், வாயில் திறந்துவிட்டது, பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம் என்று கையைப் பிடித்தாலும் பிடிப்பாள். அப்போது தாமதியாமல் மற்றதைச் சொல்லும். தேமொழி இறந்தாள் என்று அந்தச் சொல்லாலேயே சொல்லும். பூசி மெழுக வேண்டா. வானத்தைப் பாராமல் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லும். கண் திறந்ததா என்று கேட்பாள். திறந்தது என்று சொல்லும். அது மெய்.

இப்போது முடிச்சை அவிழும். உள்ளே இருப்பது பிள்ளையின் முன்பல். கலத்தில் விழுந்ததாம். ஊருக்குப் போய் அம்மா கையில்தான் கொடுப்பேன் என்று சிற்றாடை முனையில் முடிந்து வைத்திருந்தாளாம். மீகாமர் அந்த முனையைக் கிழித்தெடுத்து, பெறுவார் இன்றித் தம்மிடமே வைத்திருந்தார். வரைநாட்டு வழக்கத்தில் பல் விழுந்த பிள்ளைக்குக் கடன் உண்டு. கடன் செய்ய உயிரோடிருக்கும் தாய் வேண்டும். அவளையும் அவள் கணவனையும் இவ்வோலையோடு வரும் எம் தேரில் ஏற்றித் துறைக்கு அனுப்பும். வரும் வழியெல்லாம் நீர் முன்னால் நடந்து வாரும்.

முத்துக்குடை பொறித்த எம் முத்திரையைச் சூடு ஆறுமுன் எம் கையாலேயே இட்டோம். இவ்வோலைக்கு மறு ஓலை வேண்டா. உம்மோடு அவர்கள் இருவரும் பவளமுனை வந்து சேர்வதே விடையாகும். கரையில் வாய்க்கரிசியும் விளக்கும் எடுத்து வைத்திருப்போம்.