விமலா படிக்கும் காலேஜுக்கு

அக்டோபர் 14, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். எங்கள் ஊர் மஞ்சக்குட்டை பஸ் லேட், அதனால் லாட்ஜுக்கு நானும் லேட். மேனேஜர் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஏற்காட்டுக்கு யாரும் வருவதில்லை. ரிசப்ஷன் மேஜையில் போனைச் சாய்த்து வைத்து மாக் டெஸ்ட். இரண்டு மணி நேரம், நூற்றிருபது கேள்வி. நடுவில் ஐந்தாம் ரூம்காரர் வெந்நீர் கேட்டார்.

61.

போன வருஷம் நிஜப் பரீட்சையில் 58. ஒரு வருஷ உழைப்புக்கு மூன்று மார்க். இந்த வேகத்தில் போனால் சட்டக் கல்லூரிக்குள் நுழையும்போது தலை நரைத்திருக்கும்.

இங்கிலீஷ் தேவலை. நடப்புச் செய்தி நன்றாகவே (ரூம் காலி செய்கிறவர்கள் விட்டுப்போகும் இங்கிலீஷ் பேப்பர் எல்லாம் எனக்குத்தான்). கணக்கு வழக்கம்போல. சட்டப் பகுதிதான் மண். வக்கீல் ஆகவேண்டுமாம், சட்டக் கேள்விதான் வராதாம்.

விமலாவுக்கு மார்க்கை அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்ச். போன வருஷம் ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் படித்து, ஒரே நாள் சேலத்தில் எழுதினோம். அவளுக்குக் கிடைத்தது. இப்போது இரண்டு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கிறாள். எனக்கு வக்கீல் ஆசை நிஜமாகவே இருக்கிறது. ஆனால் இந்த நோட்டில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது: முதல் ஆசை, அவள் இருக்கும் இடத்துக்குப் போகவேண்டும்.

வாங்க வேண்டியது: பேனா ரீஃபில், அம்மாவுக்குத் தைலம்.

அக்டோபர் 20, தீபாவளி

லாட்ஜ் ஃபுல். லீவு கேட்டதற்கு மேனேஜர் அண்ணன், "தீவாளிக்கு நீ போயிட்டா டூரிஸ்டுக்கு யாரு சாவி குடுக்கறது, வக்கீலம்மா?" என்றார். சேலத்துக்காரர், மனசில் ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்த "வக்கீலம்மா" ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றுதான் இருக்கிறது.

வி. வரவில்லை. டிக்கெட் கிடைக்கவில்லையாம். போன வாரமே சொல்லிவிட்டாள். தெரிந்தும் ஷிஃப்ட் முடிந்து பஸ் ஸ்டாண்டில் நின்றேன். சேலம் பஸ் வந்தது. தொப்பிகள், கேமரா, வளைவு வளைவாக வாந்தி எடுத்துக் களைத்த பிள்ளைகள். கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்துவிட்டு மஞ்சக்குட்டை பஸ் ஏறினேன். பைத்தியக்காரத்தனம்தான்.

வி.க்கென்று அம்மா எடுத்து வைத்திருந்த அதிரசத்தை நானே தின்று தீர்த்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

59. இறங்கியேவிட்டது!

வி. தானாகவே போன் பண்ணினாள். தப்பான கேள்விகளை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னாள். சட்டப் பகுதியில் அவர்களே ஒரு விதியைக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் ஒரு சம்பவம். அந்த விதிப்படி யார் மேல் தப்பு என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எனக்கு வரவில்லை.

விதி: அடுத்தவர் நிலத்தில் அனுமதி இல்லாமல் நுழைந்தாலோ, கால்நடையை விட்டாலோ, நஷ்டம் ஏற்படாவிட்டாலும் அத்துமீறல். சம்பவம்: அறுவடை முடிந்த வயலில் பக்கத்துக்காரர் தன் மாடுகளை மேயவிட்டார். அத்துமீறலா? நான் போட்டது, இல்லை.

"ஏன் புள்ள இல்லைன்னு போட்ட?"

"அறுத்த காடு. ராகி அறுத்தாச்சுன்னா யார் மாடு வேணாலும் மேயலாமில்ல?"

"அது நம்மூர்ல."

"வேற எந்தூர்ல மாடு மேயுது இப்ப?"

சிரித்தாள். அந்தச் சிரிப்பு கேட்டு எத்தனை நாள் ஆயிற்று. அடுத்தது: எல்லோர் முன்னாலும் மாமன் மருமகனுக்கு ஒரு கறவை மாடு தருவதாகச் சொல்கிறான், அப்புறம் மறுக்கிறான். பதிலுக்கு எதுவும் வாங்காமல் கொடுத்த வாக்கு செல்லாது என்பது விதி. நான் போட்டது, மாமன் கொடுத்தே ஆகவேண்டும். பத்துப் பேர் முன்னால் தாய்மாமன் சொன்ன சொல், கொடுக்காமல் எங்கே போவான்?

"நீ ஊர்க்கூட்டத்துல உக்காந்து தீர்ப்பு சொல்ற," என்றாள் வி. "பேப்பர்ல இருக்கறதுதான் ஊரு. நம்மூர மறந்துட்டு எழுது, புள்ள. நானு அப்படித்தான் எழுதுனேன்."

சாப்பிடும்போது மாட்டுக் கேள்வியை அப்பாவிடம் கேட்டேன்.

"அறுத்த காட்டுல மாடு மேயாம மந்திரியா மேய்வாரு? இதுக்கெல்லாமா கண்ணு பரீட்ச வெக்கறாங்க?"

அப்பாவுக்கும் நெகட்டிவ் மார்க்.

நவம்பர் 4, செவ்வாய்

வெயில். ரொம்ப நாளைக்கப்புறம் துணி காய்ந்தது.

காலையில் ரூம் காலி செய்ய மாட்டேன் என்று ஒரு குடும்பம் தகராறு. பாட்டிக்கு முழங்கால் வலி, ஒரு மணி நேரம் கூட இருந்தால் என்ன என்றார்கள். நியாயம்தானே என்று எனக்குப் பட்டது, வாயைத் திறக்கவும் போனேன். மேனேஜர் அண்ணன் கோபமே இல்லாமல் சுவரைக் காட்டினார். "ஏனுங்க, போர்டுல போட்டிருக்குதுங்க." திரும்பத் திரும்ப அதே வார்த்தை. பாட்டி நொண்டிக்கொண்டே படி இறங்கினார். எனக்கு அண்ணன்மேல் எரிச்சலான எரிச்சல்.

மத்தியானம் டெஸ்ட் எழுதும்போது அதே எரிச்சலில் நானும் மேனேஜர் அண்ணன் ஆகிவிட்டேன். விதியைச் சுவரில் மாட்டின போர்டு என்று வைத்துக்கொண்டேன். மாமன் ஏமாற்றட்டும், மாடு பட்டினி கிடக்கட்டும், போர்டில் போட்டிருப்பதுதான்.

69!!

வி.க்கு அனுப்பினேன். உடனே ஒரு வரிசை கைதட்டல் பொம்மை. அதற்குக் கீழே: "அங்க வெயிலா?"

நவம்பர் 11, செவ்வாய்

73. நேற்று தனியாக எழுதிப் பார்த்த சட்டப் பகுதியில் இரண்டே தப்பு.

சந்தோஷமாக இருக்கவேண்டும். இருக்கிறேன். ஆனால் வி. போன் பண்ணினால் காலேஜைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. லைப்ரரி எவ்வளவு பெரிது, வாத்தியார்கள் எப்படி, கோர்ட் மாதிரி நடித்துக் காட்டுவார்களாமே, அது எப்படி, எல்லாம் கேட்கிறேன். "ம், நல்லாருக்குது" என்று முடித்துவிடுகிறாள். அவள் கேட்பது எல்லாம் இந்த ஊர்: மழை விட்டதா, தலைச்சோலையில் அவள் ஊட்டுப் பக்கம் போனாயா, காப்பி பழுத்துவிட்டதா, கடைசி பஸ் இன்னமும் அதே டிரைவர்தானா.

எனக்குக் கோபம் வந்தது. போனில் அவள் பின்னால் இந்தியில் யாரோ பேசிச் சிரிக்கிறார்கள். அவளுக்கு அங்கே புது ஆட்கள் இருப்பார்கள். சொன்னால் எனக்குப் புரியாது என்று நினைக்கிறாள் போல. பஸ் டிரைவர் விஷயம்தான் என் அளவுக்கு.

எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கத் தொடங்கிவிட்டார்கள். அம்மா ஈரத்தில் போய் ஈரத்தில் வருகிறாள். இன்றைக்குத் தலை துவட்டிக்கொண்டே, "அத்தாந் தொலவு போயி ஒருத்தியா என்ன பண்ணுவ கண்ணு?" என்றாள்.

"ஒருத்தி இல்லைம்மா. விமலா இருக்கறா."

"ஆமா, அவ இருக்கறா," என்றாள். நிம்மதியாகிவிட்டாள்.

நவம்பர் 18, செவ்வாய்

மூட்டம். எதிர்க் கடை தெரியவில்லை. டெஸ்ட் எழுத மனசில்லை, எழுதினேன். 71.

வி. ஐந்தாறு நாளாக போன் எடுக்கவில்லை. "க்ளாஸ்", "அப்பறம் பேசறேன்", அப்புறம் அதுவும் இல்லை.

எனக்கு அவள் வேண்டும். மார்க் அனுப்ப, தப்பைத் திருத்த, அதற்கெல்லாம் இல்லை. சும்மா பக்கத்தில் வேண்டும். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட வேண்டும். இந்த மூட்டத்தில் யாராவது வந்தால் தூரத்தில் வெறும் நிழலாகத்தான் தெரிகிறது. ஒவ்வொரு நிழலும் கொஞ்ச நேரம் அவளாக இருக்கிறது. கிட்டே வந்ததும் யாரோ ரூம் கேட்கிறார்கள்.

நெட் சரியில்லை. ரீசார்ஜ் முடியப்போகிறது.

நவம்பர் 24, திங்கள்

வந்துவிட்டாள்!

சாவிகளைத் துடைத்து மாட்டிக்கொண்டிருந்தேன். "ரூம் இருக்குதுங்களா?" என்று குரல். நிமிர்ந்தால் வி. மெலிந்திருக்கிறாள். காலுக்குப் பக்கத்தில் பெரிய சூட்கேஸ், தோளில் ஒரு பை, கையில் ஒரு வாளி. நான் மேஜையைச் சுற்றி வரக்கூடப் பொறுமையில்லாமல், ஓரத்து மடக்குப் பலகையைத் தூக்கிக் குனிந்து வெளியே வந்து தலையில் இடித்துக்கொண்டேன். அழுதது இடித்ததால் என்று மேனேஜர் அண்ணன் நினைத்தார். நினைக்கட்டும்.

"ஜொரம் வந்துருச்சு. லீவு போட்டுட்டேன். உன்ற பரீட்ச வரைக்கும் இருப்பேன்."

"லீவுக்கு வாளி எதுக்கு புள்ள?"

"ஹாஸ்டல்ல வெச்சா களவு போயிருது."

மேனேஜர் அண்ணன் இரண்டு பேருக்கும் டீ சொன்னார். "ரெண்டு வக்கீலம்மா ஆயிருச்சு. இனி எனக்குத்தான் ஜெயிலு." இன்றைக்குச் சுருக்கென்று இல்லை.

நவம்பர் 27, வியாழன்

வி. தினமும் தலைச்சோலையிலிருந்து வருகிறாள். ரிசப்ஷன் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறாள், நான் சாவி கொடுத்துக்கொண்டே பதில் சொல்கிறேன். கணக்கில் எனக்கு எங்கே தடுமாறுகிறது என்பது அவளுக்குத் தெரியும், எனக்கே தெரியாது. காலேஜ் பேச்சை எடுத்தால், "மொதல்ல இத முடி" என்கிறாள்.

சரி. அங்கே போய் நேரிலேயே பார்த்துக்கொள்கிறேன்.

டிசம்பர் 2, செவ்வாய்

82.

இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். போன வருஷம் அவள் வாங்கியதைவிட அதிகம். "போயிருவ புள்ள நீ," என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் ஏரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜுரம் இன்னும் முழுசாக விடவில்லை என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 3, தீபம்

வி. ஊட்டில் விளக்கு. காற்றில் அணைய அணைய இருவரும் மாற்றி மாற்றி ஏற்றினோம். அவள் அம்மா என் தட்டில் பொரி உருண்டையை வைத்துக்கொண்டே எதையோ சொல்லவந்தார். "அம்மா," என்று வி. ஒரு அதட்டல். அவர் உள்ளே போய்விட்டார்.

வரும்போது கேட்டேன். "ஒண்ணுமில்ல. பரீட்சக்கிப் போற புள்ளைட்ட எதாச்சும் ஒளறி வெக்கும்" என்றாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

எழுதியாயிற்று. காலை பஸ்ஸில் சேலம். வி. கூட வந்தாள், ஜன்னல் சீட்டை எனக்கே விட்டாள். கேட் வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "போர்டுல போட்டிருக்கறது மட்டும்" என்றாள். இரண்டு மணி நேரமும் வெளியே மரத்தடியில் நின்றிருக்கிறாள். சேலம் வெயில், அதிலும்.

கையெல்லாம் வலி. நன்றாக எழுதியிருக்கிறேன். சொன்னால் திருஷ்டி. ஆனாலும் நன்றாக எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 10, புதன்

விடைகள் வந்துவிட்டன. ரிசப்ஷனில் வைத்து வி. சரிபார்த்தாள், நான் பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். 84 வரும். ஒன்றிரண்டு முன்னே பின்னே.

குதித்தேன். மேனேஜர் அண்ணனுக்கும் கை கொடுத்தேன். அவர் "வக்கீலம்மா" என்று சொல்லவில்லை, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, "நொம்ப சந்தோசம் சாமி" என்றார். நான் வி.யைப் பிடித்துக்கொண்டு என்னென்னவோ உளறினேன். ஜூனில் சேர்ந்தே போவோம், ரயிலில் மேல் பெர்த் எனக்கு, ஹாஸ்டலில் ஒரே ரூம் கேட்போம், நீ சீனியர், நீ கேட்டால் தருவார்கள்.

அவள் என் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

"நானு டிசி வாங்கிட்டு வந்துட்டேன், புள்ள."

புரியவில்லை. மறுபடி சொன்னாள். ஜுரமெல்லாம் இல்லையாம். சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாளாம். முன்னாலேயே சொன்னால் நான் எழுத மாட்டேனாம்.

"யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?"

"ஒருத்தரும் கெட்டவங்க இல்ல. ஒருத்தரும் எனக்குன்னு இல்ல. நீ வந்துருவ, நீ வந்துருவன்னு நாளத் தள்ளிப் பாத்தேன். முடியல."

திட்டினேன். அழுதேன். நான் எதற்காக எழுதினேன் என்று கேட்டேன். "வக்கீல் ஆகறதுக்கு," என்றாள். அதுவும் நிஜம். அடுத்த ஜூனில் சேலத்திலேயே ஏதாவது டிகிரி சேரப்போகிறாளாம். அதுவரை அவள் அம்மாவோடு காப்பி பறிக்கப் போகிறாளாம். அதைச் சொல்லும்போது முகம் தெளிந்து இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு குடும்பம் ரூம் கேட்டு வந்தது. சாவி கொடுத்தேன். வி. மூக்கைச் சிந்திக்கொண்டு ஸ்டூலை மேஜைக்கு அடியில் தள்ளினாள்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது நான்தான் கேட்டேன். "ஹாஸ்டல்ல எந்தப் பக்கம் ரூம் கேக்கட்டும்?"

முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கெழக்கால கேளு. காலைல வெயில் வரும்."