பதினாறடி வண்டி

ஜனவரி 4, ஞாயிறு

என்னது, எனக்கு வண்டி அளவு தெரியாதா? மாப்பிள்ளை சேஷகிரி, நீங்கள் பாட்டுக்குப் போனை வைத்துவிட்டீர்கள், பதிலை இங்கேதான் எழுத வேண்டியிருக்கிறது. காலமெல்லாம் லாரி ஓட்டியவன் நான். நீங்கள் காரை ரிவர்ஸ் எடுத்தால் எங்கள் ஸ்ரீராம்புரம் நாய்கள்கூட எழுந்து ஒதுங்குகின்றன!

பொங்கலுக்குக் கோகர்ணம் கடற்கரைக்குப் போக, படுக்கை வைத்த வண்டி வாடகைக்கு எடுக்கிறோம். மாப்பிள்ளைக்கு இருபத்துநாலு அடி வண்டி வேண்டுமாம். ஆறு படுக்கை, அடுப்பு, டிவி. அவர் வீட்டு ஆட்களும் வருவார்களாம். அது வண்டியா, கல்யாண மண்டபமா? எனக்குப் பதினாறடி போதும். நானும் ரத்தினமும் மட்டும். கல்யாணம் ஆனதிலிருந்து நான் ரோட்டில், அவள் வீட்டில். கடலையாவது சேர்ந்து பார்க்க வேண்டாமா?

மகள் தீபிகா சிரிக்கிறாள்: "அப்பாவுக்கு ஹனிமூன் கேக்குது."

ஆமாடி, கேக்குது!

ஜனவரி 5

ரத்தினம் வரமாட்டாளாம். "பொட்டிக்குள்ள அடைஞ்சு படுக்க நான் என்ன மாம்பழமா? முட்டிய நீட்ட எடம் இருந்தாத்தான் வருவேன்."

ஜனவரி 7

மொட்டை மாடியில் சாக்பீஸால் வண்டி வரைந்தேன். டேப் பிடித்து, சுத்தமாகப் பதினாறடி. கோட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டம். மதியம் முழுக்க இருவரும் உள்ளேதான். சாப்பிட்டோம், தாயம் ஆடினோம், பாய் போட்டு ஒரு தூக்கம். ரத்தினம் காலை நீட்டினாள், புரண்டாள், மறுபடி நீட்டினாள்.

துணி காயப்போட வந்த கீழ்வீட்டு அனுஷா கோட்டை மிதித்துவிட்டாள். "ஏம்மா, ஓடுற வண்டில ஏறுறியே!" என்று கத்தினேன். பாவம், வாளியோடு குதித்தாள்.

ரத்தினம் சிரித்துச் சிரித்து, "சரிய்யா, வரேன்" என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

ஜனவரி 9

மாப்பிள்ளைக்குப் போன் போட்டு நன்றாக வெறுப்பேற்றினேன்.

ஜனவரி 12

போச்சு.

வண்டியைப் பார்க்கப் போனேன். வாடகை ஆபீஸ் பெண் ஷில்பா கதவைத் திறந்தாள். உள்ளே படுத்தேன். முட்டியை மடக்கினால்தான் கதவு மூடியது.

"என்னம்மா, பதினாறடின்னியே?"

"அய்யோ அங்கிள், அது முன் பம்பர்ல இருந்து பின் பம்பர் வரைக்கும்!"

லாரிக்காரனுக்குப் பதினாறடி என்றால் சரக்கு ஏற்றும் பாடி மட்டும். இன்ஜினும் கேபினும் கணக்கிலேயே வராது. அந்தப் பழக்கத்தில் மாடியில் பதினாறடியையும் படுக்கிற இடமாகவே வரைந்திருக்கிறேன். ரத்தினத்திடம் எப்படிச் சொல்வது? சொன்னால் வரமாட்டாள். சொல்லலன்னா — கொன்னே போடுவாளே!

ஜனவரி 14

எங்கள் சந்துக்குள் நுழையாது என்று மெயின் ரோட்டிலேயே வண்டியை நிறுத்தினேன். ரத்தினம் பையோடு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கோவப்படாத ரத்தினம். பெரிய வண்டியே சொல்லிடலாம். எல்லாருமா போலாம்."

"அதுல அடுப்பு இருக்குன்னியே?"

"இருக்கு, ரெண்டு."

"அத்தன பேருக்கும் யாரு பொங்குறது? உன் மாப்பிள்ளையா?"

அவள் மறுபடி வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதுல அடுப்பு?"

"இல்லவே இல்ல."

"அப்ப முட்டிய மடக்கிக்கிறேன்."

"அதுக்கில்ல ரத்தினம், எம்மேல தப்பில்ல, கேளு. லாரில பதினாறடின்னா என்னன்னா, கேபினை விட்டுட்டு, பின்னாடி பாடிய மட்டும்—"

அதற்குள் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய் முன் சீட்டில் ஏறி, கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.